ஹெத்தல் சோதனைத் தடமும் லோட்டஸ் பந்தயக் கார்களும்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில், நோரிச் நகருக்குத் தென்மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் ஹெத்தல். வயல்வெளிகளுக்கு நடுவே ஒரு பழைய தேவாலயமும் சில வீடுகளுமே உள்ள இவ்வூரை, மோட்டார் பந்தய வரலாறு படிப்பவர்கள் அனைவரும் அறிவர். 1966ஆம் ஆண்டு முதல் லோட்டஸ் விளையாட்டுக் கார் நிறுவனம் இங்கே இயங்கி வருகிறது. தொழிற்சாலையை ஒட்டி அதன் சோதனைத் தடம் இருக்கிறது. சுமார் 2.2 மைல், அதாவது 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடம் 2011இல் புதுப்பிக்கப்பட்டது. புதிய கார்கள் மட்டுமல்லாமல், அரை நூற்றாண்டுக்கு முன் உலகப் பட்டம் வென்ற பந்தயக் கார்களும் இத்தடத்தில் ஓடுகின்றன.

குண்டுவீச்சு விமானத் தளம்

தடத்தின் கதை கார்களோடு தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஹெத்தலில் ஒரு விமானத் தளம் அமைக்கப்பட்டது. குறுக்கிட்டுச் செல்லும் மூன்று கான்கிரீட் ஓடுபாதைகளும், அவற்றைச் சுற்றி ஒரு வளையப் பாதையும் கொண்ட தளம் அது. 1943 முதல் 1945 வரை அமெரிக்க விமானப்படையின் 389ஆவது குண்டுவீச்சுப் பிரிவு இங்கிருந்து பி-24 லிபரேட்டர் விமானங்களை இயக்கியது. 1943 ஆகஸ்ட் 1 அன்று ருமேனியாவின் பிளோயெஸ்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் மீது நடந்த புகழ்பெற்ற தாக்குதலில், வட ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுச் சென்ற பிரிவுகளுள் இதுவும் ஒன்று. திரும்பி வராத விமானிகள் பலர். அவர்களுக்கான நினைவுச் சின்னம் ஹெத்தல் தேவாலய வளாகத்தில் உள்ளது.

போர் முடிந்தபின் பிரிட்டனில் இத்தகைய தளங்கள் ஏராளமாக வெறுமையாய்க் கிடந்தன. பொதுச் சாலைகளில் கார் பந்தயம் நடத்த அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. 1907இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடமோ போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையாகி, மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. எனவே பந்தயக்காரர்களின் பார்வை விமானத் தளங்களின் பக்கம் திரும்பியது. சில்வர்ஸ்டோன், குட்வுட், ஸ்னெட்டர்டன், திரக்ஸ்டன் ஆகிய புகழ்பெற்ற தடங்கள் யாவும் இவ்வாறு விமானத் தளங்களிலிருந்து பிறந்தவையே. தட்டையான நிலம், உறுதியான கான்கிரீட், அருகில் குடியிருப்பு இல்லாமை ஆகிய மூன்றும் வேறெங்கும் ஒருசேரக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

காலின் சாப்மன்

லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1928இல் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்றார். அதாவது பாலம், கூரை போன்றவை எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று கணக்கிடும் படிப்பு. கல்லூரிக் காலத்திலேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1948இல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரை மாற்றியமைத்து முதல் பந்தயக் காரைச் செய்தார். 1952இல் நிறுவனம் முறைப்படி தோன்றியது. லோட்டஸ் என்றால் தாமரை. இந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று சாப்மன் வெளிப்படையாக விளக்கியதில்லை. நிறுவனச் சின்னத்தில் பின்னிக் கிடக்கும் நான்கு எழுத்துகள் அவருடைய முழுப்பெயரான ஆன்டனி காலின் புரூஸ் சாப்மன் என்பதன் முதலெழுத்துகள்.

லண்டனின் ஹார்ன்சி பகுதியில் தந்தையின் மதுவிடுதிக்குப் பின்னால் இருந்த சிறு பட்டறை, பிறகு செஷன்ட் நகர்த் தொழிற்சாலை என வளர்ந்து, 1966இல் நிறுவனம் ஹெத்தலுக்கு வந்தது. சொந்த விமானத்தில் பறந்து திரிந்த சாப்மனுக்கு ஓடுபாதையுள்ள இடம் இரட்டை வசதி. காலையில் பட்டறையில் ஒரு திருத்தம் செய்து, மதியமே வாசலுக்கு வெளியே அதை ஓட்டிப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களோடு மோதிய ஒரு சிறிய நிறுவனத்துக்கு இது சாதாரண வசதியன்று.

எடையைக் குறைக்கும் கலை

குதிரைத்திறன் மிகுந்த எஞ்சின் நேர்ச்சாலையில் மட்டும் உதவும். எடை குறைந்த கார் வளைவு, பிரேக், வேகமெடுப்பு என எல்லா இடத்திலும் உதவும். சாப்மனின் கொள்கை இதுதான்.

இக்கொள்கை முழு உருவம் பெற்ற கார் 1962இல் வந்த லோட்டஸ் 25. அதுவரை பந்தயக் கார்களின் எலும்புக்கூடு இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. மேலே இருந்த தகடு வெறும் போர்வை. லோட்டஸ் 25இல் குழாய்ச் சட்டம் இல்லை. மெல்லிய அலுமினியத் தகடுகளை ரிவிட் அடித்து இணைத்த ஓடே பாரம் முழுவதையும் தாங்கியது. நண்டுக்கு உள்ளே எலும்பில்லை, ஓடுதான் எலும்பு, அதுபோலத்தான் இதுவும். ஃபார்முலா 1 போட்டியில் இத்தகைய முழுமையான ஓட்டுக் கட்டமைப்பு இதற்குமுன் வந்ததில்லை. விமான உடல்களோ பல ஆண்டுகளாகவே இம்முறையில் கட்டப்பட்டு வந்தன. ஹெத்தல் ஓடுபாதையிலிருந்து பறந்த லிபரேட்டர் விமானங்களின் உடலும் அலுமினியத் தகட்டின் வலிமையை நம்பியதே. விமானத்திலிருந்து காருக்கு ஒரு கருத்தைக் கொண்டுவந்ததே சாப்மனின் சாதனை எனலாம்.

ஸ்காட்லாந்து விவசாயியான ஜிம் கிளார்க் இந்தக் காரில் 1963ஆம் ஆண்டின் உலகப் பட்டத்தையும், இதன் வழிவந்த கார்களில் 1965ஆம் ஆண்டின் பட்டத்தையும் வென்றார். 1965லேயே லோட்டஸ் 38 காரில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 போட்டியிலும் வெற்றி பெற்றார். ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் அமைந்த கார் அப்போட்டியில் வென்றது அதுவே முதல்முறை.

ஹெத்தலுக்கு வந்தபின் உருவான முதல் பெருஞ்சாதனை லோட்டஸ் 49. ஃபோர்டு நிறுவனத்தின் பண உதவியுடன் காஸ்வொர்த் நிறுவனம் செய்த மூன்று லிட்டர் டிஎஃப்வி எஞ்சின் இதில் பொருத்தப்பட்டது. எஞ்சினைச் சட்டத்துக்குள் வைப்பதற்குப் பதிலாக, எஞ்சினையே காரின் பின்பாதியாக ஆக்கிவிட்டார்கள். பின்சக்கரங்களின் பாரம் எஞ்சின் வழியாகவே ஓட்டுக்கு வந்தது. 1967 டச்சு கிராண்ட் பிரீயில் முதன்முதலாகக் களமிறங்கிய அன்றே கிளார்க் அதை வெற்றி பெறச் செய்தார்.

1970இன் லோட்டஸ் 72 ஆப்பு வடிவம் கொண்டது. ரேடியேட்டர்கள் மூக்கிலிருந்து பக்கங்களுக்கு நகர்ந்தன. பின்னர் 78, 79 ஆகிய கார்கள் வந்தன. இவற்றின் பக்கவாட்டுப் பெட்டிகளின் அடிப்பகுதி, தலைகீழாகத் திருப்பிய விமான இறக்கை போல் வளைந்திருக்கும். விமான இறக்கை மேலே தூக்குகிறது. இது காரைத் தரையோடு அழுத்துகிறது. வளைவுகளில் வேகம் குறையாமல் செல்ல இதுவே காரணம். 1978இல் மரியோ ஆன்ட்ரெட்டி ஆறு பந்தயங்களும் ரோனி பீட்டர்சன் இரண்டு பந்தயங்களும் வென்றனர். ஆன்ட்ரெட்டி உலக சாம்பியன் ஆனார்.

கொடுத்த விலை

இந்த வெற்றிகளை மட்டும் சொல்லி நிறுத்துவது வரலாறாகாது. எடையைக் குறைக்கும்போது பொறியாளர் உண்மையில் குறைப்பது பாதுகாப்புக்கென விடப்படும் உபரி வலிமையைத்தான். லோட்டஸ் கார்கள் வேகமானவை, ஆனால் உடையக்கூடியவை என்ற பெயர் அக்காலத்திலேயே இருந்தது.

1968 ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் நடந்த ஃபார்முலா 2 பந்தயத்தில் ஜிம் கிளார்க்கின் கார் மரங்களில் மோதி அவர் உயிரிழந்தார். பின்சக்கர டயர் காற்றிழந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. 1969இல் பார்சலோனாவில், உயரமான கம்பிகளின் மேல் பொருத்திய காற்றழுத்த இறக்கைகள் முறிந்து, ஒரே பந்தயத்தில் கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரின் கார்களும் நொறுங்கின. காயமடைந்த ரிண்ட், பலவீனமான பாகங்களை வலுப்படுத்தும்படி சாப்மனுக்குக் கடிதமே எழுதினார். சில கிலோ எடை கூடினாலும் பரவாயில்லை என்பது அவர் வாதம்.

அடுத்த ஆண்டு, 1970 செப்டம்பர் 5 அன்று, இத்தாலியின் மொன்சாவில் பயிற்சி ஓட்டத்தின்போது ரிண்டின் லோட்டஸ் 72 தடுப்பில் மோதியது. முன்சக்கரத்தின் பிரேக் தண்டு முறிந்திருக்க வேண்டும் என்பதே பலரின் கருத்து. சக்கரத்தில் தொங்கும் எடையைக் குறைக்க பிரேக்கைக் காரின் உடலுக்குள் நகர்த்தியிருந்தார்கள். அதைச் சக்கரத்தோடு இணைத்த தண்டு அது. அதுவரை அவர் ஈட்டிய புள்ளிகளை அந்த ஆண்டு யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்தபின் உலகப் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா 1 வீரர் யோகன் ரிண்ட். 1978இல் ஆன்ட்ரெட்டி பட்டத்தை உறுதி செய்த அதே மொன்சா பந்தயத்தின் விபத்தில் காயமுற்று, மறுநாள் பீட்டர்சன் இறந்தார்.

சாப்மன் 1982 டிசம்பரில் மாரடைப்பால் காலமானார். டெலோரியன் கார் நிறுவனத்துக்கு வந்த அரசுப் பணம் திசைமாறிய விவகாரத்தில் லோட்டஸின் முன்னாள் நிதிப் பொறுப்பாளர் 1992இல் சிறைத் தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கக்கூடும்.

ஓடும் அருங்காட்சியகம்

அயர்டன் சென்னா தம் முதல் ஃபார்முலா 1 வெற்றியை 1985இல் போர்ச்சுகலில் லோட்டஸ் காரில்தான் பெற்றார். 1987இல் டெட்ராய்டில் அவர் வென்றதே அணியின் கடைசி வெற்றி. 1994 பருவத்தோடு பழைய அணி மறைந்தது. அதுவரை லோட்டஸ் கார்கள் பெற்ற வெற்றிகள் 79. தயாரிப்பாளர் பட்டங்கள் 7.

கார்கள் மட்டும் மறையவில்லை. சாப்மனின் மகன் கிளைவ் சாப்மன் 1992இல் கிளாசிக் டீம் லோட்டஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். தொழிற்சாலையின் அருகிலேயே அதன் பட்டறை உள்ளது. பழைய பந்தயக் கார்களைப் பழுதுநீக்கி, மொனாக்கோ வரலாற்றுப் பந்தயம், குட்வுட் வேகத் திருவிழா போன்ற நிகழ்ச்சிகளுக்கு அனுப்புவதே அதன் பணி.

இது எளிதான வேலையன்று. மக்னீசிய வார்ப்புகள் காலப்போக்கில் அரிக்கின்றன. ரப்பர் எரிபொருள் பைகள் கெட்டுப்போகின்றன. அச்சு, தண்டு ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். ஒரு பருவம் தாக்குப்பிடித்தால் போதும் என்று செய்யப்பட்ட பாகங்கள் அவை. பாகத்தை மாற்றினால் அது பழைய கார்தானா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றாமல் ஓட்டினால் ஓட்டுநரின் உயிர் என்னாவது? கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்தால் எல்லாம் அசலாகவே இருக்கும். ஆனால் டிஎஃப்வி எஞ்சினின் அலறலையும், பாரம் ஏறும்போது ஓடு நெளியும் விதத்தையும் எந்தப் படமும் கற்றுத் தராது. கார்கள் ஓட வேண்டும் என்ற பக்கமே நியாயம் அதிகம். பழுதுபார்த்த காரை வெளியூருக்கு அனுப்புமுன் சரிபார்க்க, பக்கத்திலேயே ஒரு தடம் இருப்பது பெரும் உதவி.

2011ஆம் ஆண்டும் அதன்பின்னும்

சாப்மனுக்குப் பின் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ், புகாட்டியின் ரோமானோ ஆர்டியோலி எனக் கைமாறி, 1996இல் மலேசியாவின் புரோட்டான் வசம் வந்தது. அவ்வாண்டு வெளிவந்த எலீஸ் கார், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிய சட்டம் கொண்டது. மொத்த எடை 725 கிலோதான்.

புரோட்டான் காலத்தில்தான் போர்க்காலத்து ஓடுபாதையிலிருந்து பிறந்த தடம் புதுப்பிக்கப்பட்டது. அதே 2011இல் லோட்டஸ் என்ற பெயர் யாருக்கு உரியது என்ற வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. மலேசியத் தொழிலதிபர் டோனி ஃபெர்னாண்டஸ் டீம் லோட்டஸ் என்ற பெயரில் ஓர் அணியை நடத்த, கார் நிறுவனமோ ரெனோ அணிக்கு ஆதரவளித்தது. ஒரே பருவத்தில் இரண்டு லோட்டஸ்கள்! ஃபெர்னாண்டஸ் அணியின் மாற்று ஓட்டுநர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். அவர் அவ்வாண்டு ஜெர்மன் கிராண்ட் பிரீயில் அந்த அணிக்காகக் காரோட்டினார்.

2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் 51 விழுக்காடு பங்குகளை வாங்கியது. எமிரா என்னும் பெட்ரோல் கார் ஹெத்தலில் தயாராகிறது. லோட்டஸ் பெயரில் வூகானில் தயாராகும் எலெட்ரே மின்காரின் எடை சுமார் இரண்டரை டன். கிளார்க் உலகப் பட்டம் வென்ற லோட்டஸ் 25இன் எடை சுமார் 450 கிலோ.