படவுருவும் கோப்பு வடிவமும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினித் திரையிலே ஒரு மென்பொருளை இன்னதென அடையாளங் காட்டி நிற்கும் சிறு சித்திரம் படவுரு எனப்படும். ஒரே மென்பொருள் பல்வேறு பணிசெயல் முறைமைகளிலும் இயங்கவேண்டிய நிலை வந்தபொழுது, அதன் படவுருவை எக்கோப்பு வடிவத்தில் அமைப்பது என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை காணப்பட்ட வரலாறு தொழினுட்ப வரலாறு மாத்திரமன்று; பலர்க்கும் பொதுவான கருவியொன்று எவர் உரிமையில் இருத்தல் தகும் என்பதன் வரலாறுமாகும்.

1984ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கின்ரோசுக் கணினிக்குச் சூசன் கெயார் அம்மையார் படவுருக்களை வரைந்தார். அகலத்தில் 32, உயரத்தில் 32 என 1,024 படப்புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. ஆகவே ஒரு படவுருவுக்கு 128 பைட்டுகளே போதுமாயின. 1985இல் தோன்றிய விண்டோசு, ஐ.சீ.ஓ. என்னும் தனிவடிவைக் கொண்டது. யுனிக்சு உலகிலோ, 'சீ' மொழி நிரற்குறிப்பாகவே எழுதப்பட்ட எக்ஸ்.பீ.எம். வடிவம் 1989இல் உருவாயிற்று. இவ்வாறு ஒரே சித்திரத்தை மூவகையாக அமைத்தல் வேண்டியதாயிற்று.

பொதுவடிவமாதற்கு கிஃப் ஏற்றதெனத் தோன்றிற்று. கொம்பியூசேர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட இவ்வடிவம் 256 நிறங்களைத் தாங்கியது. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரு நிறத்தை ஒளிபுகுவதாக அமைக்கவும் இயன்றது. ஆயினும், படப்புள்ளி முற்றாக மறைத்தல், முற்றாக ஒளிபுகவிடல் என்னும் இரண்டன்றி இடைநிலை இன்மையால், வளைந்த விளிம்புகள் பல்லுப்பல்லாய்த் தோன்றின. இக்குறையினும் பெரிதாய் வந்தது சட்டத் தடை. கிஃப் கையாண்ட சுருக்கமுறையின் ஆக்கவுரிமை யுனிசிசு நிறுவனத்திடம் இருந்தது. மென்பொருள் ஆக்குவோர் அதற்கு உரிமக்கட்டணம் செலுத்தவேண்டும் என்ற அறிவிப்பு 1994ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயிற்று.

இதன் விளைவாகவே பீ.என்.ஜீ. பிறந்தது. தொமஸ் பூட்டல் முதலானோர் 1995இல் தொடங்கிய முயற்சி, 1996 ஒக்டோபரில் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாக நிறைவெய்தியது. கட்டணமற்ற சுருக்கமுறை, படத்தில் எதனையும் இழக்காமை, ஒளிபுகுதன்மையில் 256 படிநிலைகள் ஆகிய மூன்றும் அதன் சிறப்புக்களாம். ஒளிப்படத்துக்குப் பொருந்தும் ஜே.பீ.ஈ.ஜீ. வடிவமோ கூரிய கோடுகளைச் சிதைப்பதாலும், ஒளிபுகுதன்மை இன்மையாலும் படவுருவுக்கு ஏற்புடையதன்று.

பின்னர்ப் பழைய வடிவங்களும் புதியதற்கு இடங்கொடுத்தன. 2007இல் வந்த விண்டோசு விசுத்தா, பக்கத்துக்கு 256 படப்புள்ளி கொண்ட படவுருவை ஏற்றது. சுருக்காவிடில் அதற்கு 262,144 பைட்டுகள் தேவை. ஆதலின் ஐ.சீ.ஓ. கோப்பினுள்ளேயே பீ.என்.ஜீ. படத்தை வைக்க வழிசெய்யப்பட்டது. 1998இல் தோன்றிய அப்பிளின் ஐ.சீ.என்.எஸ். வடிவமும் காலப்போக்கில் அவ்வாறே இடமளித்தது. உறை வேறாயினும் உட்பொருள் ஒன்றாயிற்று.

2001இல் பரிந்துரையான எஸ்.வீ.ஜீ., படத்தைப் புள்ளிகளாலன்றிக் கேத்திரகணித வடிவங்களால் விவரிப்பது. எவ்வளவு பெருப்பிப்பினும் மங்காதது. எனினும் 16 படப்புள்ளி அளவுக்குச் சுருங்குங்கால், கோடுகள் புள்ளிகளுக்கிடையே வீழ்ந்து தெளிவிழக்கும். எனவே மூலத்தை எஸ்.வீ.ஜீ.யிற் பேணி, வேண்டிய அளவுகளிற் பீ.என்.ஜீ.யாக்கி, சிற்றளவுகளைத் தனியே திருத்தி வரைந்து, ஈற்றில் அவ்வம் முறைமைக்குரிய உறையிலிடுதலே தக்க நெறியாகும்.

கிஃப் சுருக்கமுறைக்குரிய அமெரிக்க ஆக்கவுரிமை 2003இல் முடிவுற்றது. ஆயினும் படவுரு ஆக்கத்தில் கிஃப் தன் பழைய இடத்தை மீளப் பெறவில்லை. எவரும் தடையின்றிக் கையாளத்தக்க வடிவமே எல்லா முறைமைகளுக்கும் பொதுவாக நிலைபெறும் என்பது இவ்வரலாறு புகட்டும் உண்மையாகும்.