தளத்தின் திறவுகோல்

எழுதுவோர் ஒருவர், எழுத்துக் கோப்போர் மற்றொருவர் என்னும் வேலைப் பிரிவினை அச்சுக்கலையோடு பிறந்தது. இணையம் தோன்றிய புதிதில் அப்பிரிவினை சிறிது காலம் மறைந்திருந்தது. 1991-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் இணையதளத்தை நிறுவினார். 1993 ஏப்ரல் 30-இல் அந்நிறுவனம் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று உலகுக்கு வழங்கிற்று. அந்நாளில் பக்கம் வெளியிட விரும்பியவர் கருத்தையும் எழுதி, கணினிக் குறிகளையும் தாமே கோக்க வேண்டியிருந்தது.

பிறருக்குத் தளம் அமைத்துக் கொடுக்கும் தொழில் பெருகியபோது புதியதோர் இடர்ப்பாடு எழுந்தது. கூட்ட அறிவிப்பில் ஒரு தேதியை மாற்றுவதற்கும் தளம் அமைத்தவரையே நாட வேண்டியதாயிற்று. இதைத் தீர்க்கப் பிறந்தவையே உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள். இவற்றில் எழுத்து தரவுத்தளத்தில் தனியே தங்கும். தோற்றம் வார்ப்புருவில் தனியே இருக்கும். வாசகர் வரும்போது இரண்டும் கூடிப் பக்கமாகும். ஆகவே குறிமொழி அறியாதவரும் தம் தளத்தைத் தாமே பேண முடிந்தது.

இவ்வமைப்புகளுள் பெயர் பெற்றவை மூன்று. பெல்ஜிய நாட்டு மாணவர் டிரீஸ் பைடார்ட் 2001-இல் திரூபல் அமைப்பை வெளியிட்டார். சிற்றூர் என்னும் பொருளுள்ள டச்சுச் சொல்லைத் தம் தளத்துக்குப் பெயராக இட எண்ணியவர், எழுத்து மாறித் துளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பதிந்துவிட்டார்; துளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் ஒலியே பின்னர் அமைப்பின் பெயராயிற்று. பி2 என்ற மென்பொருளை அதன் ஆசிரியர் கைவிட்ட நிலையில், அமெரிக்க இளைஞர் மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் அதினின்று வேர்ட்பிரஸை உருவாக்கி 2003 மே 27-இல் வெளியிட்டனர். மாம்போ என்ற அமைப்பைப் பேணிய குழுவினர், அதன் உரிமை பற்றிய பிணக்கினால் 2005-இல் விலகி ஜூம்லாவைத் தொடங்கினர். எல்லாரும் ஒன்றாக என்னும் பொருளுள்ள சுவாஹிலிச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர்.

ஆசிரியர் கைவிட்டும், உரிமையாளரோடு பிணங்கியும் இவ்விரு குழுவினரின் உழைப்பு அழியாததற்குக் காரணம் ஒன்றே. மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இசைவு தரும் பொது உரிமம் அவர்களைக் காத்தது. இதற்கு மாறான வரலாறும் உண்டு. வலைப்பதிவர் பெரிதும் விரும்பிய மூவபிள் டைப், 2004 மே மாதத்தில் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது இலவசப் பயன்பாட்டுக்கு வரம்பு விதித்தது. பயனர் பலர் வேர்ட்பிரஸுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று உலக இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸைக் கொண்டு இயங்குகின்றன.

பெருமை பெற்ற அமைப்பு என்பதனாலேயே அது எல்லார்க்கும் ஏற்றதாகிவிடாது. வேர்ட்பிரஸ் கற்பதற்கு எளிது. ஆனால் பலர் எழுதிய செருகுநிரல்களை அளவின்றிச் சேர்த்தால் அவற்றின் பழுதே பகைவர்க்கு வாயிலாகும். திரூபல் பெருந்தளங்களுக்கு வலிமை தருவது. ஆனால் 2015-இல் எட்டாம் பதிப்பு அடிமுதல் மாற்றி எழுதப்பட்டதால், பழைய தளங்களை ஏறத்தாழ மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிவுற்றது. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளமே 2009-இல் திரூபலுக்கும் 2017-இல் வேர்ட்பிரஸுக்கும் மாறியது. நம் நாட்டில் தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்னும் பொது அமைப்பில் பல மாவட்டங்களின் தளங்கள் இயங்குகின்றன. ஒரே வகையான பல தளங்களுக்கு அம்முறை பொருத்தமானது.

மொழிப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் மற்றொன்றையும் கருத வேண்டும். தில்லியிலோ மும்பையிலோ ஒரு தமிழ்ச் சங்கம் தளம் அமைத்தால் தமிழோடு இந்தியும் ஆங்கிலமும் வேண்டப்படும். திரூபலும் ஜூம்லாவும் பன்மொழி வசதியைத் தம்முள்ளேயே கொண்டவை. வேர்ட்பிரஸில் அதற்குச் செருகுநிரல் தேவை. ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துக்குப் பல குறியேற்றங்கள் வழங்கின. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழி டாப், டாம் என்னும் தரங்கள் வந்தன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியேற்றத்தில் தேங்கிய கட்டுரைகள், மாற்றி அமைக்கப்படாவிடில் இன்றைய திரையில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். கருவி மாறினும் எழுத்து வாழ வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே தளம் அமைப்பவரும் அமைப்பிப்பவரும் முதலில் வினவ வேண்டியவை சில. நாளை இதைப் பேணுவார் யார்? எழுத்து முழுவதையும் வெளியே எடுத்துச் செல்ல வழியுண்டா? பெயர்ப்பதிவும் கடவுச்சொல்லும் உரிமையாளர் கையில் உள்ளனவா? வீடு கட்டித் தந்த கொத்தனாரே திறவுகோலையும் வைத்துக்கொண்டால், குடியிருப்பவர் தம் வீட்டிலேயே விருந்தினராவார். திறவுகோலை உரியவரிடம் ஒப்படைக்கும் அமைப்பு எதுவோ, அதுவே நம் தேர்வுக்கு உரியது.