பெயரும் குரலும்: இணைய விளையாட்டுலகில் மகளிர் நிலை

மக்கள் கூடும் களம் எதுவாயினும், அங்கு முன்வந்தோர் யாவர், பின்வந்தோர் யாவர் என்னும் வினா எழுதல் இயல்பு. முன்வந்தோர் உரிமை பேசுவர். பின்வந்தோர் இடம் வேண்டி நிற்பர். கணிப்பொறி வழியே பலர் கூடி ஆடும் விளையாட்டுகளைப் பற்றியும் இத்தகைய கருத்தொன்று நெடுநாளாக வழங்கி வருகின்றது. ‘இவ்வுலகம் ஆடவர் அமைத்தது, மகளிர் அண்மையிற் புகுந்தவர், ஆதலின் பழையோர் ஒழுகலாற்றைப் புதியோர் பொறுத்தல் வேண்டும்’ என்பது அக்கருத்து. மகளிர் அங்கு எய்தும் இழிசொல்லுக்கும் அச்சுறுத்தலுக்கும் இதுவே அமைதியாகக் கூறப்படுகின்றது. இக்கூற்று வரலாற்றோடு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு ‘இணைய விளையாட்டு’ என்றது, வெவ்வேறிடத்து இருப்போர் இணையத்தின் வாயிலாக ஒரு காலத்தில் ஒரு களத்தில் கூடி ஆடும் கணிப்பொறி விளையாட்டினை. ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்கெனப் புனைபெயர் ஒன்று சூடிக்கொள்வர். உருவம் ஒன்றும் தேர்ந்துகொள்வர். ஒருவரை ஒருவர் அறிவது முதற்காலத்தே பெயரால். பிற்காலத்தே குரலாலும் ஆம். முகம் காணாக் களத்தில் ஒருவரைப் பெண் என அறிவிப்பன இவ்விரண்டே. ஆதலின் பெயரும் குரலும் இவ்வாராய்ச்சிக்குத் தலைமைச் சான்றுகளாகின்றன.

முன்வந்தோர் யாவர்?

மகளிர் பின்வந்தோர் என்னும் கூற்றை முதற்கண் நோக்குவோம். அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்தில் 1978ஆம் ஆண்டு பணிக்குச் சேர்ந்த கரோல் ஷா, வீடியோ விளையாட்டுகளை வடிவமைத்த முதல் மகளிருள் ஒருவர். பின்னர் ஆக்டிவிஷன் நிறுவனத்திற்காக அவர் இயற்றிய ‘ரிவர் ரெய்டு’ 1982இல் வெளிவந்து பெரும் புகழ் எய்தியது. எழுத்தால் மட்டும் இயன்ற கதைவிளையாட்டுக்குப் படம் சேர்த்துப் புதுநெறி வகுத்த ‘மிஸ்டரி ஹவுஸ்’ 1980இல் தோன்றியது; அதனைப் புனைந்தவர் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் பெண்மணி. ‘சென்டிபீட்’ என்னும் விளையாட்டை எட் லாக் என்பாரோடு சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி. ஜப்பானியரான தோரு இவடானி 1980இல் ‘பாக்மேன்’ விளையாட்டை அமைத்தபோது, மகளிரும் விரும்பி வருதல் வேண்டும் என்பதனையே நோக்கமாகக் கொண்டார். எனவே படைப்போராகவும் ஆடுவோராகவும் மகளிர் தொடக்கந்தொட்டே உளர் என்பது தெளிவு.

அங்ஙனமாயின், இஃது ஆடவர் உலகம் என்னும் எண்ணம் எவ்வாறு வேரூன்றியது? வணிகம் அதற்கு ஒரு காரணம். 1983ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வாணிகம் பெருவீழ்ச்சி உற்றது. அதன்பின் நிண்டெண்டோ நிறுவனம் தன் பொறியைக் குழந்தைகளுக்குரிய விளையாட்டுப் பொருளாகக் கடைகளில் வைத்து விற்கலாயிற்று. அக்கடைகளிலோ சிறுவர்க்கு ஒரு பகுதி, சிறுமியர்க்கு ஒரு பகுதி எனப் பிரிவு உண்டு. புதிய பொறி சிறுவர் பகுதியில் இடம் பெற்றது. விளம்பரங்களும் சிறுவரையே நோக்கிப் பேசின. 1989இல் அந்நிறுவனம் வெளியிட்ட கையடக்கப் பொறியின் பெயரே ‘கேம் பாய்’ என்பது. கடைத்தட்டில் இட்ட கோடு ஒரு தலைமுறையின் மனத்திலும் கோடாகப் பதிந்தது. வணிகர் வகுத்த இப்பிரிவினை இயற்கை எனக் கருதியது பின்னோர் பிழையாகும்.

எழுத்துக் களம்

பலர் கூடி ஆடும் கணிப்பொறி உலகங்களுள் பழமையான ‘மட்’ என்பது 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. ராய் டிரப்ஷா தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தார். படம் இல்லை, ஒலி இல்லை, யாவும் எழுத்தே. ஆடுவோன் ஆணா பெண்ணா என்பது அவன் எழுதிக்கொள்வதைப் பொறுத்தது. உடல் மறைந்தமையின் இங்கு ஆண் பெண் வேற்றுமையும் மறையும் என எதிர்பார்த்தவர் பலர்.

எதிர்பார்த்தது நிகழவில்லை. 1993ஆம் ஆண்டு ஏமி பிரக்மன் என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வுலகங்களில் பால் மாறி உருவம் பூணுதலைக் குறித்துக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். பெண்பெயர் பூண்டவர்பால், வேண்டாத உதவியும் விருப்பமில்லாக் காதற்பேச்சும் வந்து குவிதலை அவர் எடுத்துக் காட்டினார். பெண்பெயர் பூண்டு சென்ற ஆடவரும் இதனை நுகர்ந்தறிந்தனர். ஆள் எவராயினும் பெயர் பெண்ணாயின் நடத்தும் முறை மாறிற்று என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாண்டே நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி வரலாற்றில் நிலைபெற்றது. செராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் நிறுவிய ‘லாம்ப்டாமூ’ என்னும் எழுத்துலகம் மட் வழிவந்தது. அங்கு ‘மிஸ்டர் பங்கிள்’ என்னும் பெயரினன் ஒருவன், பிறர் உருவங்களைத் தன் விருப்பப்படி நடப்பனபோற் காட்டும் நிரல் ஒன்றைக் கொண்டு, பலர் கூடியிருந்த அறையில் சிலருடைய உருவங்கள்மீது பாலியல் வன்முறையை எழுத்தால் நிகழ்த்திக் காட்டினான். ஜூலியன் டிப்பெல் என்பார் இதனை 1993 டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் விரிவாக எழுதினார்.

எழுத்தால் நிகழ்ந்தது எவ்வாறு கொடுமையாகும் எனச் சிலர் வினவினர். சொல்லுக்கு மானத்தைச் சிதைக்கும் ஆற்றல் உண்டென்பதை மறுப்பார் இலர். இங்கு ஆடுவோர்க்குச் சொல்லே உடல். அதனைப் பறித்தவன் அவரைப் பறித்தவனே ஆவான். அவ்வுலகத்தார் ஒருங்கு கூடி நெடுநேரம் வாதிட்டும் முடிவு எய்தவில்லை. பின்னர், மேலாண்மை உடையோருள் ஒருவர் தாமே அக்கணக்கை அழித்தார். அதனைத் தொடர்ந்து, உறுப்பினர் விண்ணப்பம் எழுதி வாக்களித்து விதி வகுக்கும் முறை அங்கு ஏற்பட்டது. தீங்கினைத் தனியொருத்தியின் துன்பமாக விடாது, ஊரார் அனைவர்க்கும் உரிய வழக்காகக் கொண்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

குரல் புகுந்த காலம்

2002ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘எக்ஸ்பாக்ஸ் லைவ்’ சேவையைத் தொடங்கியது. அதனுடன் தலையில் அணியும் ஒலிக்கருவியும் வழங்கப்பட்டது. ஆடுவோர் ஒருவரோடொருவர் பேசியே ஆடலாயினர். குழுவாக ஆடும் ஆட்டங்களில் பேச்சு இன்றியமையாதது. பேசாதவர் குழுவிற்குச் சுமையாவார். ஆனால் பேசிய நொடியே பெண் எனத் தெரிந்துவிடும். எழுத்துக் காலத்தில் பெயரை மாற்றி மறைந்துகொண்ட பெண்ணுக்குக் குரற்காலத்தில் அவ்வழியும் அடைபட்டது. பேசினால் இழிசொல், பேசாவிடின் தோல்வி. இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்தலே அவள் உரிமையாக எஞ்சியது.

இது வெறும் முறையீடு அன்று; அளந்தறியப்பட்ட உண்மை. குஸ்னெகாஃப், ரோஸ் என்னும் இருவர் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ‘ஹேலோ 3’ என்னும் ஆட்டத்தில், முன்னரே பதிவு செய்த ஒரே வகைத் தொடர்களைச் சில ஆட்டங்களில் ஆண்குரலிலும் சில ஆட்டங்களில் பெண்குரலிலும் ஒலிக்கச் செய்தனர். சிலவற்றில் குரலின்றி ஆடினர். பெண்குரலை நோக்கி வந்த எதிர்மறைச் சொற்கள் ஏனையவற்றைப் போல் 3 மடங்கு இருந்தன. 2015இல் கசுமோவிக் என்பாரும் குஸ்னெகாஃபும் அதே ஆட்டத்தை ஆராய்ந்து மற்றொரு நுட்பம் கண்டனர். திறன் குன்றிய ஆடவரே பெண்குரலிடம் மிகுந்த கடுமை காட்டினர்; அவரே ஆண்குரலிடம் பணிந்து ஒழுகினர். திறன் மிக்கோரிடம் இக்கடுமை குறைந்து காணப்பட்டது. எனவே, ஆடும் திறன் இன்மையால் மகளிர் ஏசப்படுகின்றனர் என்பார் கூற்று நில்லாது. ஏசியவர் திறனே ஆராயற்பாலது.

பெயரை வெளிப்படுத்தல்

2010 ஜூலை 6ஆம் நாள் பிளிசார்ட் நிறுவனம், தன் ஆட்டங்களைப் பற்றிக் கருத்துரைப்போர் தம் உண்மைப் பெயரோடு தோன்றுதல் வேண்டும் என அறிவித்தது. பெயர் வெளிப்படின் தீயோர் அடங்குவர் என்பது அதன் எண்ணம். ஆடுவோர் பெரிதும் எதிர்த்தனர். உண்மைப் பெயர் தெரியின் இல்லம் வரை பின்தொடர்வார் உளர் என மகளிர் பலர் எடுத்துரைத்தனர். நிறுவனப் பணியாளர் ஒருவர் தம் பெயரை வெளியிட்டதும், அவர்தம் தனிச் செய்திகளைப் பிறர் விரைந்து தேடி வெளியிட்டனர். ஜூலை 9இல் அறிவிப்புக் கைவிடப்பட்டது. தீங்கு செய்வானை வெளிப்படுத்தக் கருதிய விதி, தீங்குறுவாளை வெளிப்படுத்த இருந்தது. மறைவு ஒருவர்க்கு வாள், மற்றொருவர்க்குக் கேடயம். இவ்வேறுபாட்டை அறியாது விதி செய்தல் பயனற்றது.

பெயர் வெளிப்பட்ட மகளிர் எய்திய துன்பத்தைப் பின்னிகழ்ச்சிகள் காட்டும். அனிதா சர்க்கீசியன் 2012இல், வீடியோ விளையாட்டுகளில் பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றாள் என்பதனைத் திறனாய்ந்து தொடர் படைக்க 6,000 டாலர் பொதுமக்களிடம் வேண்டினார். அவர்க்கு வந்தது 1,58,000 டாலருக்கும் மேற்பட்ட தொகை; அதனொடு வந்தன மிரட்டல்கள். அவர் முகத்தை அடித்துச் சிதைப்பதாகவே ஓர் ஆட்டத்தையும் ஒருவன் செய்து வெளியிட்டான். 2014 ஆகஸ்டில் ‘கேமர்கேட்’ எனப் பெயர் பெற்ற பூசல் எழுந்தது. ஸோயி குவின் என்னும் படைப்பாளர், இதழாளர் ஒருவருடன் கொண்ட தொடர்பால் தம் ஆட்டத்திற்கு நன்மதிப்புரை பெற்றார் எனப் பழி கூறினர். அவ்விதழாளரோ அவ்வாட்டத்திற்கு மதிப்புரை எழுதியதே இல்லை. எழுதாத மதிப்புரைக்காக எழுந்த கூட்டம், இதழறம் காப்பதாகக் கூறிக்கொண்டு மகளிரைத் துரத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் பிரியானா வூ என்னும் படைப்பாளர் மிரட்டலுக்கு அஞ்சி இல்லம் துறந்தார். யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சர்க்கீசியன் ஆற்றவிருந்த சொற்பொழிவு, துப்பாக்கியால் பலரைக் கொல்வதாக வந்த கடிதத்தால் நின்றது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியுரை ஒன்று துப்பாக்கிக்கு அஞ்சி நிற்குமாயின், அதனை விளையாட்டுப் பூசல் என ஒதுக்கல் இயலாது.

கொரியச் சான்று

இது மேலைநாட்டார்க்கு மட்டும் உரியது அன்று. இவ்விளையாட்டுகளில் தலைசிறந்த தென்கொரியாவில், 2016இல் கிம் செ-யான் என்னும் 17 அகவைப் பெண் ‘ஓவர்வாட்ச்’ ஆட்டத்தில் வியத்தகு திறன் காட்டினார். அவர்தம் ஆட்டப்பெயர் ‘கெகுரி’. கொரிய மொழியில் தவளை என்பது பொருள். ஆண் பெண் காட்டாப் பெயர் அது. இத்துணைக் குறிபிழையா ஆட்டம் ஏமாற்று நிரலாலன்றி இயலாது என எதிரணியார் குற்றம் சாட்டினர். பொய்யாயின் ஆட்டத்தையே விட்டகல்வோம் எனவும் சூளுரைத்தனர். பிளிசார்ட் நிறுவனம் ஏமாற்று இல்லை என உறுதி கூறியது. அதன்மேலும், அவர் தம் கைகளைக் கேமராவுக்கு முன் வைத்து, மக்கள் நேரிற் காண ஆடிக் காட்ட வேண்டியதாயிற்று. 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியிற் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீக்கில் இடம்பெற்ற முதற்பெண் ஆனார். ஆடவன் திறன் வெற்றியால் நிறுவப்படும். பெண்ணுக்கோ வெற்றியே ஐயத்திற்கு ஏதுவாயிற்று. அவ்வாண்டே (2016) ஜூலையில், இளவரசன் பெண்ணுக்குத் தேவையில்லை எனப் பொருள்படும் வாசகம் பொறித்த சட்டையின் படத்தை வெளியிட்ட குரற்கலைஞர் ஒருவரின் குரலை, ஆடவர் சிலர் எழுப்பிய கூச்சலுக்கு இணங்கி நெக்சான் நிறுவனம் தன் ஆட்டத்தினின்று நீக்கியது. மிரட்டியோர் ஆடுவோர், பணிந்தோர் நிறுவனத்தார்.

களத்தின் ஒழுகலாறும் நிறுவனத்தின் ஒழுகலாறும் தொடர்புடையன என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ ஆட்டத்தை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் பெண் பணியாளர் பால் வேற்றுமை குறித்து 2018இல் தொடுத்த வழக்கு, 2021 டிசம்பரில் 10 கோடி டாலர் தர அந்நிறுவனம் உடன்பட்டதால் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் தன் மற்றோர் ஆட்டமாகிய ‘வேலரன்ட்’டில் மகளிர்க்கெனத் தனிப்போட்டி வகுத்தது. தனிப்போட்டி பயிற்சிக் களமாகும். ஆயினும் பொதுக்களத்தைச் செம்மை செய்யும் கடமையை அது தீர்த்துவிடாது.

முடிவுரை

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால் மூன்று உண்மைகள் போதரும். ஒன்று, மகளிர் இவ்வுலகிற்குப் புதியவர் அல்லர். அமெரிக்காவில் ஆடுவோருள் ஏறத்தாழப் பாதியினர் அவரே. இரண்டு, பெயரும் குரலும் மறைந்தவழி ஒத்த மதிப்புப் பெற்றவரே, அவை வெளிப்பட்டவழி இகழப்பட்டனர். ஆதலின் இகழ்ச்சிக்குக் காரணம் பெண் எனும் அறிவேயன்றித் திறனன்று. மூன்று, ஊராரும் நிறுவனத்தாரும் தம் கடனாகக் கொண்டவழியே தீங்கு சிறிதேனும் தணிந்தது. மகளிர் தாமே மறைந்து காத்துக்கொள்க என விட்டவழித் தீங்கு வளர்ந்தது.

வரலாற்று மாணாக்கர் உளங்கொள வேண்டிய இழப்பு ஒன்றும் ஈண்டு உளது. அஞ்சிப் பெயர் மறைத்தோரும் வாய் திறவாது ஆடினோரும் எந்தக் குறிப்பிலும் மகளிராக இடம் பெறார். அவர் வெற்றிகள் ஆடவர் கணக்கிற் சேர்ந்தன. அக்கணக்கையே சான்றாகக் காட்டி, மகளிர் அங்கு இலர் என்பர் பின்வருவோர். விரட்டியதால் விளைந்த வெறுமையே விரட்டுதற்கு நியாயமாகின்றது. இச்சுழலை அறுக்க, சான்று இன்மையை ஆள் இன்மையாகக் கொள்ளாத நெறி ஆராய்வோர்க்கு வேண்டும். பெண் ஒருத்தி தன் பெயரால் அழைக்கப்பட்டுத் தன் குரலாற் பேசி ஆடத்தக்க காவல், களம் நடத்துவோர்க்கு வேண்டும்.