தம்மம்பட்டிப் பட்டறைக்கு எந்தக் கணக்கு?

சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, சுவேத நதியை ஒட்டியிருக்கும் தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். கோயில் வாகனம், தசாவதாரப் பலகை, யாளி, சிற்பக் கதவு என எல்லாம் இங்கே உளியில் பிறக்கின்றன. உயரம் எத்தனை அடி, வாகையா மாவிலங்கையா, நின்ற கோலமா அமர்ந்த கோலமா, திருவிழாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதையெல்லாம் பேசி, அட்வான்ஸ் கைமாறிய பிறகே கோயில் வேலைக்கு மரத்தில் கோடு விழும்.

இப்படிக் கேட்டுச் செய்யும் தொழிலில் இருப்பவர் கணினியில் கணக்கு வைக்க நினைத்தால், எல்லோருக்கும் பொதுவான மென்பொருளை வாங்குவதா? செயற்கை நுண்ணறிவிடம் சொல்லித் தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்வதா? கேள்வி புதிதுபோலத் தோன்றும். உண்மையில் வணிகக் கணினியின் வரலாறே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

1951 நவம்பரில், லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம் தன் பேக்கரிக் கணக்கை 'லியோ' என்ற கணினியில் போட்டது. வணிகக் கணக்குக்கென்று வாங்க அனேகமாக எதுவும் இல்லாத காலம். கணினியையும் அதற்கான நிரலையும் அவர்களே செய்துகொண்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1954-இல், அதைப் பிறருக்கு விற்க லியோ கம்ப்யூட்டர்ஸ் என்ற கம்பெனி பிறந்தது. ஜெர்மனியில் 1972-இல் ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் ஒரு நைலான் ஆலைக்காக எழுதிய கணக்கு நிரல்களிலிருந்துதான் எஸ்ஏபி வளர்ந்தது.

நம் ஊர்க் கதை இன்னும் நெருக்கமானது. ஆலைகளுக்கு இயந்திர உதிரிபாகங்கள் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த முயற்சியே டேலி. ஒரு வீட்டின் கணக்குக்காக எழுதியது நாட்டின் கணக்காகிவிட்டது. 'டேலி தெரிந்தவர் தேவை' என்ற விளம்பரம் சின்ன ஊர்களின் கடைச் சுவர் வரைக்கும் வந்தது. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆக, இன்று காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்களில் பல, முன்பு யாரோ ஒருவரின் தேவைக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஒருவர் உதிரிபாக வியாபாரியாக இருந்தார், நைலான் ஆலைக்காரராக இருந்தார். மரச்சிற்பியாக இருக்கவில்லை. டேலியில் பேரேடும் சரக்கிருப்பும் அழகாக வரும். ஆனால் ஒரு கருட வாகனம் கட்டை வெட்டில் இருக்கிறதா, நுண்வேலையில் இருக்கிறதா, மெருகுக்குப் போய்விட்டதா என்று அது தானாகச் சொல்லாது. சொல்லவைக்க டேலிக்கென்றே டிடிஎல் என்ற நிரல்மொழி உண்டு. அதில் எழுதத் தெரிந்தவரைத் தேடி, கூலி கொடுத்து, மாற்றம் வரும்போதெல்லாம் மறுபடியும் அழைக்க வேண்டும். சிறு பட்டறைக்கு அது எட்டாத செலவு. அதனால்தான் இந்த மாதிரி விவரமெல்லாம் நோட்டுப் புத்தகத்திலும் வாட்ஸ்அப்பிலும் மேஸ்திரியின் நினைவிலும் தங்கிவிடுகிறது.

2025 பிப்ரவரியில் கணினி அறிஞர் ஆந்த்ரே கார்பதி, வேண்டியதைப் பேச்சுமொழியில் சொல்லிச் சொல்லியே மென்பொருள் செய்யும் முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் சூட்டினார். இந்த முறையில் ஆர்டர் தேதி, மரம், அளவு, படம், வேலை நிலை, பாக்கித் தொகை ஆகியவற்றைக் காட்டும் ஒரு சிறு செயலியை இன்று ஓரிரு நாளில் செய்துவிடலாம். நிரல் எழுதும் கூலிதான் இத்தனை காலம் பட்டறையை வெளியே நிறுத்திவைத்திருந்தது. அந்தத் தடை பெருமளவு விலகிவிட்டது. இது பெரிய சேதி.

ஆனால் வரிக் கணக்கு வேறு சாதி. 2018 ஜூலை 27 முதல் மரத்தில் செய்த தெய்வச் சிலைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே உளி, அதே வாகைக் கட்டை. அலங்காரக் குதிரை செய்தால் வரி உண்டு. அந்த வரியும் 12 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. அன்று காலையில் பில் சரியாக விழ வேண்டும். மென்பொருள் விற்கும் நிறுவனமாக இருந்தால் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்காக ஒரே திருத்தத்தை அனுப்பிவிடும். சொந்தமாகச் செய்துகொண்டவருக்கு அவரேதான் அந்த நிறுவனம். செயற்கை நுண்ணறிவு பழைய விகிதத்தையே நம்பிக்கையோடு எழுதித் தந்தாலும், அபராதம் பட்டறைக்காரர் பெயருக்குத்தான் வரும்.

மாற்றக் கூடாத விதி ஒன்று, தன் கைக்கு விட்டது ஒன்று என்ற இந்தப் பிரிவு சிற்பிகளுக்குத் தெரியாததல்ல. சிற்ப சாஸ்திரத்தின் உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் உருவம் 124 பாகம். அதை எந்தச் சிற்பியும் தன் விருப்பத்துக்கு மாற்றுவதில்லை. அந்த அளவுக்குள் முகத்தின் சாந்தமும் ஆடை மடிப்பும் அவர் கையைப் பொறுத்தவை. அரசு விதிக்கும் கணக்கை விலைக்கு வாங்குவதே நல்லது. பட்டறையின் நடைமுறையைத் தானே செய்துகொள்வது நல்லது. செய்யும்போது தரவை எப்போது வேண்டுமானாலும் எக்ஸெல் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். செயலியைச் செய்துகொடுத்த பையன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டாலும் கணக்கு ஊரில் இருக்க வேண்டும்.

செய்துகொடுக்க ஆளுக்கும் பஞ்சமில்லை. சேலம் கருப்பூரில், 1966-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாவட்டத்தில் தனியார் கல்லூரிகளும் பல. இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு புராஜெக்ட் செய்தே ஆக வேண்டும். அவர்களில் நான்கு பேரைத் தம்மம்பட்டிக்கு அனுப்பி, ஒரு பட்டறையில் ஒரு வாரம் உட்காரவைத்து, மேஸ்திரி ஒரு வேலையை எப்படிக் கணக்கிடுகிறார் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.