நத்தார் மரமும் உள்நோக்கித் திறந்த கதவும்

நத்தார் மரத்தில் மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் ஜேர்மனியில் தோன்றியது. விக்டோரியா மகாராணியாரும் கணவர் அல்பேர்ட் இளவரசரும் பிள்ளைகளுடன் அத்தகைய மரமொன்றைச் சூழ்ந்து நிற்கும் சித்திரத்தை 1848ஆம் ஆண்டு 'இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வெளியிட்டது. அதன் பின்னர் ஆங்கிலம் பேசும் நாடுகளின் நடுத்தர வர்க்க இல்லங்களிலும் அவ்வழக்கம் வேரூன்றியது.

வெட்டப்பட்டு நாட்கணக்கில் உலர்ந்த, பிசின் செறிந்த மரத்தில் திரிகளை எரியவிடுவதன் ஆபத்தை அக்காலத்தவர் அறியாதவர்களல்லர். மரத்தருகே வாளியில் நீர் வைத்தனர். நீண்ட கழியொன்றின் நுனியில் ஈரக் கடற்பஞ்சைக் கட்டி ஆயத்தமாக நின்றனர். சில நிமிடங்கள் மட்டுமே எரியவிட்டு, உடனே அணைத்தனர். திரி சரியாது நிற்பதற்காக, அடியில் பாரம் தொங்கும் தாங்கிகளுக்கு 1867இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெறப்பட்டது. இத்தனை காவலுக்கும் தப்பி ஆண்டுதோறும் வீடுகள் எரிந்தன.

மாற்று வழி 1882 டிசம்பர் 22ஆம் திகதி நியூயோர்க்கில் புலப்பட்டது. தோமஸ் எடிசனின் மின்விளக்குக் கம்பனியில் உயர்பதவி வகித்த எட்வேர்ட் ஜோன்சன், தமது வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்குமிழ்களைப் பொருத்தி ஒளிரச் செய்தார். அதனை நேரிற் கண்டு உலகறிய எழுதியவர் டெட்ரொயிட் நகரப் பத்திரிகையாளர் ஒருவர். ஆயினும், மின்னிணைப்பாளரை வீட்டுக்கு அழைத்துக் கம்பியிழுக்கும் செலவு செல்வந்தருக்கே இயன்றது. 1903இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி ஆயத்த விளக்குச் சரங்களை விற்கத் தொடங்கியபோதும், மின்சாரமே எட்டாத கிராமங்களுக்கு அவை பயன்படவில்லை. 1930களின் நடுப்பகுதியிற்கூட அமெரிக்கக் கிராமப்புற வீடுகள் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடைத்திருக்கவில்லை.

ஜோன்சனின் மரம் ஒளிர்ந்து 42 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1924 டிசம்பர் 24ஆம் திகதி இரவு, ஒக்லஹோமா மாநிலத்தின் ஹோபார்ட் நகருக்கு அண்மையிலுள்ள பாப்ஸ் சுவிட்ச் என்னும் கிராமத்துப் பாடசாலையில் நத்தார் விழா நடைபெற்றது. ஒரே அறையைக் கொண்ட மரக் கட்டடம் அது. இருநூறு பேரளவில் அதனுள் நெருங்கியிருந்தனர். மரத்திலிருந்த பரிசுகளை எடுத்து வழங்கிக்கொண்டிருக்கையில் மெழுகுதிரியிலிருந்து தீப்பற்றியது. மக்கள் வாசலை நோக்கிப் பாய்ந்தனர். இருந்த ஒரே கதவு உள்நோக்கித் திறப்பது. நெருக்கியடித்த கூட்டமே அதனைத் திறக்கவொட்டாது தடுத்தது. விஷமிகள் உள்ளே நுழையாதிருக்க யன்னல்களிலே வலுவான கம்பிவலை அடித்திருந்தனர். மாண்டவர்கள் 36 பேர்; அவர்களுட் பலர் சிறுவர்கள்.

இவ்வனர்த்தத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தீயை மூட்டியது மெழுகுதிரி. ஆனால் உயிர்களைப் பறித்தவை கதவும் கம்பிவலையுமே. கள்வருக்கு அஞ்சி அமைத்த காவல், உள்ளிருந்தோருக்குச் சிறையாயிற்று. அதன் பின்னரே, பாடசாலைக் கதவுகள் வெளிநோக்கித் திறக்கவேண்டும் என்பன போன்ற பாதுகாப்பு விதிகளை ஒக்லஹோமா இயற்றியது.

இன்று மரங்களில் மெழுகுதிரி எரிவது அரிது. ஆபத்து அகன்றுவிடவில்லை; வடிவம் மாறியுள்ளது. நைந்த மின்கம்பி, ஒரே இணைப்பில் அளவுக்கு மீறிச் செருகிய விளக்குச் சரங்கள், வெப்பமூட்டிக்கு அருகில் வைத்த மரம் ஆகியன இக்காலக் காரணங்கள். நீர் ஊற்றாது உலரவிட்ட மரமொன்று பற்றிக்கொண்டால், ஒரு நிமிடத்துக்குள் அறை முழுவதும் தீக்கிரையாவதை அமெரிக்கப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. மெழுகுதிரியால் வீடுகள் எரிவது அந்நாட்டில் நத்தார் தினத்தையும் புத்தாண்டையும் ஒட்டியே உச்சமடைகின்றது.

ஆகவே மரத்துக்கு நாள்தோறும் நீர் ஊற்றுவதும், உறங்குமுன் விளக்குகளை அணைப்பதும், புகை எச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தைச் சோதிப்பதும் பண்டிகை ஆயத்தங்களுள் அடங்கவேண்டும். மரத்தை வாசலை மறித்து வைத்தலாகாது. யன்னல்தோறும் இரும்புக் கம்பி அடித்து, இரவில் முன்வாயிற் கம்பிக்கதவையும் பூட்டித் துயில்வது நம்மவர் வழக்கம். அப்பூட்டின் திறப்பு எங்கே இருக்கின்றது என்பதை வீட்டிலுள்ள சிறுபிள்ளையும் அறிந்திருக்கிறதா? இருளிலும் புகையிலும் அதனைத் தேட நேரம் இராது.