எடுப்பதா, விட்டுவைப்பதா?

குடலில் பாலிப் என்றால் கொலனோஸ்கோபியிலேயே கத்தரித்து எடுத்துவிடலாம், அதற்கு எதற்குப் பெரிய ஆபரேஷன் என்று கேட்பவர்கள் உண்டு. அறுபது வயதுக்காரருக்கு வரும் ஒன்றிரண்டு பாலிப்புக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. குடும்பவழி வரும் பாலிப் நோய்களில் அது செல்லாது. அந்த வகையில் இரண்டை இங்கே சேர்த்துப் பார்க்கிறேன். ஒன்று, டாக்டர்கள் எஃப்.ஏ.பி. என்று சுருக்கிச் சொல்லும் குடும்பவழி அடினோமா பாலிப் நோய். இன்னொன்று பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய். முதலாவதில், வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாத இருபது வயதுப் பிள்ளையின் பெருங்குடலை சர்ஜன் முழுதாக எடுத்துவிடுகிறார். இரண்டாவதில், வலியில் துடித்து வருகிறவரின் குடலில் ஒரு சாண் குறைவாக வெட்டினாலும் லாபம் என்று பார்க்கிறார். இரண்டுமே சரியான வைத்தியம்தான்.

பரம்பரைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்று. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. மரபுநோய் என்றதும் 'சொந்தத்தில் கட்டினீர்களா?' என்றுதான் நம் பக்கத்தில் முதலில் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் அந்தக் கேள்வி பொருந்தாது. அத்தை மகனைக் கட்டினாலும் அசலில் கட்டினாலும் கணக்கு மாறாது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு. எஃப்.ஏ.பி.யில் சுமார் நாலில் ஒருவர் அப்படிப்பட்டவர். (எம்.யு.டி.ஒய்.எச். மரபணுவால் வரும் பாலிப் நோய் வேறு ரகம். அது இருபக்கமும் வந்தால்தான் தாக்கும் என்பதால் அங்கே சொந்தக் கல்யாணம் கணக்கில் வரும்.)

எஃப்.ஏ.பி. ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருகிறது. ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.சி. மரபணுதான் காரணம் என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். குடும்ப வரலாறு அதற்கு வெகுமுன்பே தெரிந்திருந்தது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் லாக்ஹார்ட்-மம்மரி 1925இல் மூன்று குடும்பங்களைப் பற்றி எழுதினார். அங்கே தொடங்கிய குடும்பப் பதிவேடு இன்றும் நடக்கிறது. நோய் காட்டுவது எண்ணிக்கையை. ஒவ்வொரு பாலிப்பும் சில மில்லிமீட்டர்தான், ஆனால் நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று பெருங்குடல் சுவரையே மூடிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் புற்றாக மாறும் வாய்ப்பு சொற்பம். ஆயிரம் இருந்தால் அந்தச் சொற்பம் நிச்சயமாகிவிடுகிறது. எடுக்காமல் விட்டால் சராசரியாக நாற்பது வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய். ஆயிரத்தையும் கொலனோஸ்கோபியில் கத்தரிக்க யாராலும் ஆகாது.

எனவே இங்கே தீர்மானிக்க வேண்டியது, மலக்குடலையும் சேர்த்து எடுப்பதா என்பதைத்தான். அதில் பாலிப் இருபதுக்குள் இருந்தால் விட்டுவைத்து, சிறுகுடலின் நுனியை அதோடு தைத்துவிடலாம். வாழ்க்கை பெரிதாக மாறாது. ஆனால் மிச்சம் வைத்த மலக்குடலை ஆண்டுதோறும் ஸ்கோப் போட்டுப் பார்த்தே தீர வேண்டும். அதிகமிருந்தால் மலக்குடலையும் எடுத்து, சிறுகுடலை மடித்துத் தைத்துப் பை செய்து ஆசனவாயோடு இணைப்பார்கள். பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978இல் அறிவித்த முறை இது. வயிற்றில் திறப்பு வைத்து மலத்தை வெளியேற்றும் நிரந்தர ஸ்டோமா தேவையில்லை, ஆனால் நாளைக்கு ஐந்தாறு தடவை போக நேரும். இடுப்புக்குள் ஆழமாகச் செய்வதால் பெண்களுக்குக் கருத்தரிப்பதும் கடினமாகலாம். கல்யாணமாகாத பெண்ணிடம் இதை ஆபரேஷனுக்கு முன்பே விளக்கிச் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கும் தாளோடு இதை முடித்துவிடுவது நியாயமில்லை.

பியூட்ஸ்-ஜெகர்ஸ் இதைவிடப் பல மடங்கு அரிது. நெதர்லாந்து டாக்டர் பியூட்ஸ் 1921இலும், அமெரிக்காவின் ஜெகர்ஸும் சகாக்களும் 1949இலும் விவரித்தது. மரபணு எஸ்.டி.கே.11, தெரிந்தது 1998இல். எஃப்.ஏ.பி. பெரும்பாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும். இதுவோ முகத்தில் எழுதி வைத்துவிடுகிறது: உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் விரல் நுனிகளிலும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், சிறு வயதிலேயே. மாநிற உதட்டில் அதை மச்சம் என்று விட்டுவிட வாய்ப்புண்டு. பருவ வயதுக்குப் பின் உதட்டுப் புள்ளிகள் மங்கினாலும் கன்னத்தின் உட்புறத்தில் உள்ளவை தங்கிவிடும். வயிற்றுவலியோடு வரும் இளைஞரிடம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பது செலவில்லாத சோதனை.

இங்கே எண்ணிக்கை குறைவு, அளவு பெரிது. இடமும் பெரும்பாலும் சிறுகுடல். மூன்று நான்கு சென்டிமீட்டர் வளர்ந்த பாலிப்பைக் குடல் உணவென்று நினைத்து முன்னே தள்ளும். பாலிப் சுவரோடு ஒட்டியிருப்பதால் சுவரும் கூடவே இழுபடும். சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்ளே சுருண்டுகொள்வதுபோல் குடல் குடலுக்குள் செருகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றால் அந்தப் பகுதி அழுகிவிடும். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இருபது வயதுக்குள்ளேயே இந்த ஆபத்தைச் சந்திக்கிறார்கள். 1890களில் லண்டனில் வாயில் கரும்புள்ளிகளோடு இருந்த இரட்டைச் சகோதரிகளை டாக்டர்கள் பதிவு செய்தார்கள். ஒருத்தி குடல் செருகி இருபது வயதில் இறந்தாள், மற்றவள் ஐம்பத்திரண்டில் மார்பகப் புற்றுநோயால். குடல் செருகல், புற்றுநோய் என்று நோயின் இரண்டு முகமும் அந்த ஒரே வீட்டில் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் செருகிய பகுதியை வெட்டியெறிந்தால் நான்காவது ஆபரேஷனில் சத்தை உறிஞ்சப் போதுமான குடல் மிஞ்சாது. அதனால் உயிர்ப்புள்ள குடலைச் செருகலிலிருந்து மெல்ல விடுவித்து, சிறிதாகத் திறந்து பாலிப்பை மட்டும் எடுப்பதுதான் வழக்கம். அதே துளை வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு மற்ற பாலிப்புகளையும் ஒரே மூச்சில் துப்புரவாக்கிவிட்டால் அடுத்த ஆபரேஷன் வருடக்கணக்கில் தள்ளிப்போகும். 2001இல் ஜப்பானின் யமமோட்டோ அறிமுகப்படுத்திய இரட்டை பலூன் எண்டோஸ்கோபி வந்தபின் வயிற்றைத் திறக்காமலே இதில் பெரும்பகுதி முடிகிறது. எட்டு வயதிலேயே சோதனை தொடங்கச் சொல்வதும், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் தாண்டியதைக் காத்திருக்காமல் எடுப்பதும் இதற்காகத்தான்.

பயாப்ஸி பார்ப்பவருக்கும் இதில் பெரும் பங்குண்டு. எஃப்.ஏ.பி. பாலிப் அடினோமா, புற்றுக்கு நேர் முந்தைய படி. பியூட்ஸ்-ஜெகர்ஸ் பாலிப்பில் மென்தசை கிளைகிளையாகப் பிரிந்து சளிப்படலத்தைத் தாங்கி நிற்கும். குடல் இயக்கத்தின் அழுத்தத்தால் சில சமயம் சளிச்சுரப்பிகள் சுவருக்குள்ளேயே புதைந்துபோகும். நோய் விவரம் சொல்லாமல் அனுப்பினால் அது புற்று ஊடுருவியதாகவே தோன்றும். அந்த ஒரு வரி ரிப்போர்ட்டால் தேவையில்லாமல் குடல் போகலாம்.

பெருங்குடலை எடுத்ததும் எஃப்.ஏ.பி. தீர்ந்துவிடாது. சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தில் பாலிப் வளரும். அதன் தீவிரத்தை அளக்கும் ஸ்பிகல்மேன் அளவுகோலில் நிலை பார்த்து ஸ்கோப்பிலேயே சமாளித்து, நான்காம் நிலையில்தான் பெரிய ஆபரேஷனை யோசிப்பார்கள். இன்னொரு சிக்கல் டெஸ்மாய்டு. பத்தில் ஒருவருக்கேனும் வரும் இந்த நார்க்கட்டிக்கு ஆபரேஷன் காயமே தூண்டுகோலாகிறது. வேறிடம் பரவாது, ஆனால் குடலைத் தாங்கும் சவ்வில் வளர்ந்து ரத்தக்குழாயையும் சிறுநீர்க்குழாயையும் நெரிக்கும். வெட்டினால் மறுபடி வரும். முதலில் கவனித்துப் பார்ப்பது, பிறகு சொராஃபெனிப் போன்ற மாத்திரை, வேறு வழியே இல்லையென்றால் கத்தி என்பதுதான் இன்றைய வரிசை. குடும்பத்தில் டெஸ்மாய்டு இருந்து, பாலிப்பும் குறைவாக இருந்தால், பெருங்குடல் ஆபரேஷனையே சில வருடம் தள்ளிப்போடுவதும் உண்டு.