சேலம் மாடர்ன் தியேட்டர்சின் பிறமொழித் திரைப்படங்கள்

சேலம் மாடர்ன் தியேட்டர்சின் பிறமொழித் திரைப்படங்கள் என்பன, தமிழ்நாட்டின் சேலம் நகரில் 1930களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்ட மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிறுவனம் தமிழ் அல்லாத மொழிகளில் உருவாக்கிய திரைப்படங்கள் ஆகும். மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் (1938), அமெரிக்கக் குழுவினருடன் கூட்டாக எடுக்கப்பட்ட ஆங்கிலப் படமான த ஜங்கிள் (1952), மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படமான கண்டம் பெச்ச கோட்டு (1961) ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம் ஆகிய மொழிகளிலும் இங்கு படங்கள் எடுக்கப்பட்டன.

எம். ஜி. இராமச்சந்திரனும் மு. கருணாநிதியும் பணியாற்றிய இடம் என்ற வகையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் இன்று பெரிதும் அறியப்படுகிறது. பிற்காலத்து முதலமைச்சர்களின் புகழ் அந்நிறுவனத்தின் மற்றொரு சிறப்பை ஓரளவு மறைத்துவிட்டது எனலாம். கடற்கரைப் பெருநகரம் எதுவும் அருகில் இல்லாத, நெசவும் வேளாண்மையும் மிகுந்த ஒரு மாவட்டத்தில் பல மொழியினரும் பல நாட்டினரும் ஒன்றுகூடிப் படமெடுத்தனர் என்பதே அச்சிறப்பு.

நிறுவனர்

நிறுவனத்தைத் தொடங்கியவர் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் (1907–1963). டி. ஆர். சுந்தரம் என்ற பெயரில் அறியப்பட்ட இவர், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் அடங்கும் திருச்செங்கோட்டில், துணி வணிகத்தில் ஈடுபட்டிருந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் லீட்சு பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். ஆனால் நாடு திரும்பியபின் இவரை ஈர்த்தது நெசவாலை அன்று, திரைப்படமே.

தொடக்கத்தில் இவர் சேலத்தைச் சேர்ந்த ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்து படங்களைத் தயாரித்தார். அவற்றை எடுக்கக் கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அக்காலத்தில் தமிழ்ப் பேசும் படங்கள் பலவும் கல்கத்தா, பம்பாய் போன்ற நகரங்களிலேயே எடுக்கப்பட்டன. நடிகர்களையும் இசைக்கலைஞர்களையும் தொடர்வண்டியில் அழைத்துச் சென்று, மாதக்கணக்கில் தங்கவைத்துச் செலவிடுவதைவிடத் தம் ஊரிலேயே ஓர் அரங்கம் அமைப்பது நன்று என்று சுந்தரம் கருதினார். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரப் பகுதியில் மாடர்ன் தியேட்டர்ஸ் அமைந்தது. இதன் முதல் படமான சதி அகல்யா 1937 இல் வெளிவந்தது.

பாலன்

நிறுவனம் முதல் படத்தை வெளியிட்ட மறு ஆண்டே மலையாளத்தில் ஒரு பேசும் படத்தைத் தந்தது. அதற்கு முன் மலையாளத்தில் வெளிவந்திருந்தவை இரண்டு மௌனப் படங்களே. இரண்டும் வணிக நோக்கில் தோல்வியுற்றிருந்தன. கேரளத்து மக்கள் தமிழ்ப் படங்களையே பார்த்துவந்த நிலையில், மலையாளத்தில் பணத்தை இறக்குவது துணிச்சலான செயலாகும். சுந்தரத்தை அதற்கு இணங்கவைத்ததில் நடிகர் ஆலப்புழை வின்சென்ட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளாகும் இரு குழந்தைகளின் கதை இப்படம். உரையாடலையும் பாடல்களையும் முதுகுளம் ராகவன் பிள்ளை எழுதினார். கே. கே. அரூர், எம். கே. கமலம் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். இயக்கிய எஸ். நொட்டாணி மலையாளியும் அல்லர், தமிழரும் அல்லர். ஒளிப்பதிவு செய்தவர் செருமானியரான போடோ குட்ச்வாகர். மலையாளப் பேசும் படத்தின் வரலாறு இவ்வாறு, அம்மொழி அறியாதோர் பலரின் கைகளில், தமிழ் ஊர் ஒன்றில் தொடங்கியது. படத்தில் ஒலித்த முதல் உரையாடலும் மலையாளத்தில் அமையாமல், ஆங்கில வாழ்த்துரையாகவே அமைந்ததாகக் கூறப்படுவது இங்குச் சுவையானது.

1938 சனவரியில் வெளியான பாலன் வெற்றி பெற்றது. பின்னர் வின்சென்ட், குஞ்சாக்கோவுடன் இணைந்து 1947 இல் ஆலப்புழையில் உதயா படப்பிடிப்பு அரங்கத்தை நிறுவினார். கேரள மண்ணிலேயே படமெடுக்கும் வாய்ப்பு அதன் பின்னரே வலுப்பெற்றது. பாலனின் படச்சுருள் எதுவும் இன்று எஞ்சியிருக்கவில்லை. ஒரு மொழியின் முதல் பேசும் படத்தை, அம்மொழி பேசுவோர் இனிப் பார்க்க இயலாது.

எல்லிஸ் ஆர். டங்கன்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1909 இல் பிறந்த டங்கன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக்கலை பயின்றவர். உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பின்பேரில் 1935 இல் இந்தியா வந்தார். தமிழ் அறியாத இவர், மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு சதிலீலாவதி (1936), சகுந்தலை (1940), மீரா (1945) முதலிய படங்களை இயக்கினார். மாடர்ன் தியேட்டர்சுக்காக, பாரதிதாசனின் காவியத்தைத் தழுவிய பொன்முடி (1950), கருணாநிதி எழுதிய மந்திரி குமாரி (1950) ஆகியவற்றை இயக்கினார். பின்னதை முடிக்குமுன்பே அவர் தாயகம் திரும்பியதால், எஞ்சிய பகுதியைச் சுந்தரம் இயக்கினார். படத்தில் இருவர் பெயரும் இடம்பெற்றன.

த ஜங்கிள்

டங்கனின் தொடர்பு அவர் திரும்பிச் சென்றதோடு அறுந்துவிடவில்லை. 1952 இல் வெளியான த ஜங்கிள், மாடர்ன் தியேட்டர்சும் அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் இணைந்து எடுத்த படமாகும். இதன் உருவாக்கத்தில் டங்கனுக்கும் பங்குண்டு. வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரன், மேரி வின்சர், கியூபா வம்சாவளியினரான சீசர் ரொமேரோ ஆகியோர் நடித்தனர். தமிழ் நடிகர் எம். என். நம்பியாரும் இதில் தோன்றினார். ஜி. இராமநாதன் இசைப்பணியில் பங்கேற்றார்.

காட்டில் யானைகளை மிரளச் செய்வது எது எனத் தேடிச் செல்லும் குழு, அழிந்துபோனதாகக் கருதப்பட்ட கம்பளி யானைகளைக் காண்பதே கதை. உண்மை யானைகளுக்கு மயிர்ப்போர்வை போர்த்தி இக்காட்சிகள் எடுக்கப்பட்டன. கலைத்தரத்தில் இதனை உயர்ந்த படமாகக் கொள்வதற்கில்லை. எனினும் ஹாலிவுட் நடிகர்களும் தமிழ்க் கலைஞர்களும் ஒரே தயாரிப்பில் இணைந்தது அன்று அரிய நிகழ்வாகும். இப்படம் காடு என்ற பெயரில் தமிழிலும் வெளியிடப்பட்டது.

வண்ணப்படங்கள்

அராபியக் கதையைத் தழுவிய அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), கேவாகலர் முறையில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமாகும். இந்த அனுபவத்தைக் கொண்டு சுந்தரம் 1961 இல் மலையாளத்துக்கும் வண்ணத்தைக் கொண்டுசென்றார். முகம்மது யூசுப்பின் நாடகத்தைத் தழுவிய கண்டம் பெச்ச கோட்டு படத்தை அவரே இயக்கினார். தலைப்பின் பொருள் ஒட்டுப்போட்ட கோட்டு என்பது. முசுலிம் குடும்பங்களைச் சுற்றி நிகழும் இக்கதையில், செருப்புத் தைத்துப் பிழைக்கும் முதியவராக டி. எஸ். முத்தையா நடித்தார். முதல் வண்ணப்படம் என்றால் அரசர் கதையோ புராணமோதான் என்ற வழக்கத்துக்கு மாறாக, ஏழைத் தொழிலாளி ஒருவரின் கந்தல் கோட்டு அதன் மையப்பொருளாயிற்று.

பிற்காலம்

சுந்தரம் 1963 இல் காலமானார். அவருக்குப்பின் மகன் இராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் இக்காலத்தில் புகழ்பெற்றன. திரைத்தொழில் சென்னையில் குவிந்தபின் நிறுவனம் படிப்படியாகச் செயலிழந்தது. அரங்கங்கள் இருந்த நிலம் குடியிருப்பாக மாறிவிட்டது. ஏற்காடு சாலையை ஒட்டிய, நிறுவனத்தின் பெயர் தாங்கிய நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சியது. வளைவு நிற்கும் நிலம் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதா, தனியாருக்கு உரியதா என்ற சர்ச்சை 2023 இல் எழுந்தது.